முதல் சில நாட்களில் என்ன செய்வது? உதவப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வெள்ளம், விபத்து, வன்முறை, திடீர் மரணம் ஆகியவற்றுக்குப் பிறகு மக்களிடம் முதலில் போய் நிற்கிறவர்கள் செவிலியர்கள், ஆசிரியர்கள், களப்பணியாளர்கள், ஆலோசகர்கள். அவர்களுக்கான பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் உளநலக் குழு இந்த இதழில் பதில் தருகிறது.

எங்கள் கல்லூரிச் சமூகப்பணித் துறை, பருவமழைக்கு முன் 40 தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்த இருக்கிறது. வெள்ள முகாம்களில் மக்களுக்கு மனத்துணையாக இருக்க என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?
- பேராசிரியை, கடலூர்

முதலில் 40 பேரை இரண்டு அணியாகப் பிரியுங்கள். இந்தப் பயிற்சியில் ஒரு பயிற்சியாளரால் 20 பேரைத்தான் உருப்படியாகக் கவனிக்க முடியும். 40 பேரை ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் அது சொற்பொழிவாகவே முடியும். சொற்பொழிவு கேட்டு யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதில்லை.

அடிப்படையாக உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாரம் மூன்றே செயல்கள்: பார், கேள், இணை. இடம் பாதுகாப்பானதா, யாருக்கு உடனடி மருத்துவம் வேண்டும், யார் தனியாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது. அருகில் போய், தன்னை அறிமுகப்படுத்தி, இப்போது என்ன தேவை என்று கேட்டு, சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது. பிறகு உறவினரோடும், தகவலோடும், மருத்துவம், உணவு, நிவாரணம் முதலியவற்றோடும் இணைத்துவிடுவது. இதைச் செய்ய உளவியல் பட்டம் தேவையில்லை. இது சிகிச்சையும் அல்ல.

பல பயிற்சிகள் தடம் மாறுவது முதல் நாள் காலையிலேயே. மன அதிர்ச்சி நோயின் அறிகுறிகளைப் பட்டியல் போட்டு மூன்று மணி நேரம் பாடம் நடத்துகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு முகாமுக்குப் போகும் தன்னார்வலருக்கு அழுகிறவர், தூங்காதவர், வெறித்துப் பார்ப்பவர் எல்லாரும் நோயாளியாகத் தெரிகிறார்கள். உண்மையில் முதல் வாரங்களில் இவை எதிர்பார்க்கக்கூடியவைதான். பாதுகாப்பு, சொந்தபந்தம், செய்ய ஒரு வேலை மூன்றும் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் தாமாகவே மீண்டுவிடுவார்கள். அறிகுறிப் பாடத்துக்கு அரை மணி நேரம் போதும்.

மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ரோல் பிளேக்குப் போகட்டும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் பாதிக்கப்பட்டவர், ஒருவர் உதவுபவர், ஒருவர் பார்வையாளர். 8 நிமிடம் உரையாடல், 5 நிமிடம் கருத்து, பிறகு இடம் மாற்றம். மூவரும் எல்லா இடத்திலும் இருந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பார்வையாளர் கையில் ஒரு தாள் கொடுத்து மூன்றை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: "ஏன்" என்று தொடங்கிய கேள்விகள் எத்தனை, கேட்காமலே சொன்ன அறிவுரைகள் எத்தனை, எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தியதும் உதவுபவர் எத்தனை வினாடி பொறுத்தார். பெரும்பாலானோர் முதல் சுற்றில் இரண்டு வினாடிகூடப் பொறுப்பதில்லை. மூன்றாவது சுற்றில் மாற்றம் தெரியும்.

சூழல் அட்டைகளை உங்கள் மாவட்டத்து வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள். மகன் வந்து சேரும்வரை சாப்பிட மாட்டேன் என்று இருக்கும் பாட்டி. வீட்டுப் பட்டாவையும் ரேஷன் கார்டையும் எடுத்து வர மறுபடி தண்ணீரில் இறங்கத் துடிக்கும் அப்பா. டோக்கன் கிடைக்காத கோபத்தில் கத்தும் இளைஞர். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண். இந்தக் கடைசி அட்டையைக் கட்டாயம் வையுங்கள். அந்தப் பெண் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம், முகாம் கழிப்பறையில் விளக்கும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை என்பது. தன்னார்வலர் அவளிடம் அரை மணி நேரம் ஆறுதல் பேசிப் பயனில்லை. ஒரு பல்பும் ஒரு தாழ்ப்பாளும் போட ஆளைப் பிடிப்பதுதான் அங்கே உளவியல் முதலுதவி.

பேச்சையும் பழக்குங்கள். "அழாதீங்க", "எல்லாம் விதி", "உயிராவது மிஞ்சிச்சேன்னு நினைச்சுக்கோங்க", "இதைவிட மோசமா இழந்தவங்க இருக்காங்க" ஆகிய நான்கும் நம் வாயில் தானாக வரும். நல்லெண்ணத்தில்தான் வருகின்றன; ஆனால் கேட்பவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். மாற்றாக: "அம்மா, நான் இந்த முகாம்ல உதவிக்கு வந்திருக்கேன். கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரலாமா?" "இப்போ உடனே என்ன வேணும்?" "யாருக்காவது போன் பண்ணணுமா?" அவர் நடந்ததைச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் தோண்டாதீர்கள்.

பயிற்சிக் கூடத்திலேயே வெள்ளத்தில் யாரையாவது இழந்தவர் இருக்கலாம். எந்த ரோல் பிளேயிலிருந்தும் காரணம் சொல்லாமல் விலகிப் பார்வையாளராக இருக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். பங்கேற்பாளரின் சொந்தத் துயரத்தை எல்லார் முன்னும் சொல்லச் சொல்லும் 'பகிர்வு' நிகழ்ச்சி வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எழுந்து, நாற்காலி மாற்றி, தம் சொந்தப் பெயரைச் சொல்லி, ஏற்ற பாத்திரத்தைக் களையட்டும்.

இரண்டாம் நாள் ஒரு பக்கத் தொடர்புத் தாள் தயாரியுங்கள்: ஆம்புலன்ஸுக்கு 108, காவல் உள்ளிட்ட அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, கூடவே மாவட்ட மனநலத் திட்டத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள். ஆம்புலன்ஸ், காவல் ஆகிய அவசர எண்களை விட்டுவிட்டு மற்ற எண்களைப் பங்கேற்பாளர்களே அழைத்துப் பார்க்க வேண்டும். யார் எடுக்கிறார்கள், எந்த நேரத்தில், என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் ஒருவரை "அங்கே போங்க" என்பது அவரை இன்னொரு முறை அலைய விடுவது.

கடைசி இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் பயிற்சியாளர் முன்னால் ஓர் உரையாடல் செய்து காட்டட்டும். அதில் தேறாதவருக்கு முகாமில் பதிவேடு, சமையல், பொருள் பிரிப்பு என்று மதிப்பான வேலை நிறைய உண்டு, அதைக் கொடுங்கள். வந்தவர் எல்லாருக்கும் சான்றிதழ் என்ற வழக்கம் இங்கே ஆபத்தானது. மழை வந்து முகாம் தொடங்கிவிட்டால் தினமும் பணி முடிவில் 20 நிமிடக் கூட்டம், ஆறு மாதம் கழித்து அரைநாள் மறுபயிற்சி. இவ்விரண்டும் இல்லாவிட்டால் கற்றது கரைந்துபோகும்.

முகாமில் ஒருவர் திடீரென மூச்சு வாங்கி, கை நடுங்கி, கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் ஆகிவிடுகிறார். பயத்தினால் என்று தெரிகிறது. என்ன செய்வது?
- தன்னார்வலர், தூத்துக்குடி

பயத்தினால் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சுவலி, தலைக்காயம், பாம்புக்கடி, சர்க்கரை குறைவு, நீரிழப்பு, ஆஸ்துமா இவற்றில் ஏதேனும் சந்தேகம் இருந்தால் 108தான் முதல் வேலை.

உடலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் கூட்டத்தை விலக்குங்கள். அவர் கண் மட்டத்துக்குக் கீழே, சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். அனுமதி கேட்காமல் தொடாதீர்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் நடந்தது மீண்டும் கண்முன் வரும். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தச் சொல்லி, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். "ஆழமா மூச்சு இழுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் இன்னும் வேகமாக இழுத்துத் தலைசுற்றல் கூடும். மூச்சு விடப் பிளாஸ்டிக் பை, காகிதப் பை கொடுப்பதைக் கைவிடுங்கள்.

விபத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். இறந்துவிட்டார் என்று குடும்பத்திடம் சொல்லும் இடத்தில் எப்போதும் நாங்கள்தான் இருக்கிறோம். இதற்கென்று யாரும் எங்களுக்குக் கற்றுத் தந்ததில்லை.
- செவிலியர், மதுரை

மரணத்தை உறுதி செய்து அறிவிக்க வேண்டியவர் மருத்துவர். ஆனால் அவர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓட வேண்டியிருக்கும்; மிச்சம் முழுவதும் உங்கள் கையில்.

வராந்தாவில் நின்றபடி சொல்லாமல் இருக்க ஓர் அறை, அல்லது திரை போட்ட மூலை தேடுங்கள். உள்ளே போகுமுன் இறந்தவர் பெயரையும் எதிரில் இருப்பவர் என்ன உறவு என்பதையும் உறுதி செய்யுங்கள். ஆள் மாறிச் சொன்ன தவறைச் சரிசெய்யவே முடியாது. உட்கார வையுங்கள், நீங்களும் உட்காருங்கள். அவருக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேளுங்கள். "ரொம்ப வருத்தமான விஷயம் சொல்லணும்" என்று ஒரு வாக்கியம், ஒரு மூச்சு இடைவெளி, அடுத்து நேராக: "உங்க கணவர் இறந்துட்டாருங்கம்மா." "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்", "கைவிட்டுட்டாங்க" போன்ற மங்கலான பேச்சில், இன்னும் ஐசியூவில் இருக்கிறார் என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள்.

அதன்பின் பேசாதீர்கள். அலறுவார், மார்பில் அடித்துக்கொள்வார், நம்ப மறுப்பார், அல்லது ஒன்றுமே நடக்காதது போல் "பில் எவ்வளவு" என்பார். எல்லாம் இயல்பு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். உடலைப் பார்க்க விரும்பினால் தடுக்காதீர்கள். முகத்தில் காயம், கட்டு, குழாய் எதெல்லாம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, கூடவே போங்கள்.

கோபமும் சந்தேகமும் வெடிப்பது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். சாலை விபத்து மரணம் என்றால் காவல்துறை விசாரணை, பிரேதப் பரிசோதனை இரண்டும் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 174. உடல் எப்போது கைக்கு வரும், யார் கையெழுத்திட வேண்டும், என்ன ஆவணம் வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, கொஞ்சம் நிதானமாக இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் வாயால் சொன்னது எதுவும் மனதில் நிற்காது.

ஒரு பெரிய தீ விபத்து மீட்புக்குப் பிறகு, மறுநாளே குழுவாக உட்கார வைத்து ஒவ்வொருவரும் பார்த்த காட்சியைச் சொல்ல வைத்தார்கள். "மனசுல இருக்கிறதைக் கொட்டினாத்தான் சரியாகும்" என்றார்கள். இது சரியான முறையா?
- தீயணைப்புத் துறை வாசகர்

இல்லை. டிபிரீஃபிங் எனப்படும் இந்த முறையை அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் 1983இல் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காகவே உருவாக்கினார். உலகெங்கும் பரவியது. பின்னர் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அதிர்ச்சிக்குப் பின் ஒரே அமர்வில் நடத்தும் இத்தகைய டிபிரீஃபிங் பிற்கால மன நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூடுதல் பாதிப்பையும் உண்டாக்கலாம் என்று கண்டது. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. உடல் இன்னும் பதற்றத்தில் இருக்கும்போது காட்சியை விவரிக்கக் கட்டாயப்படுத்துவதும், அடுத்தவர் பார்த்த கோரத்தையும் சேர்த்துச் சுமக்க வைப்பதும் இதன் கோளாறு.

பணி எப்படி நடந்தது, கருவி எங்கே தவறியது, அடுத்த முறை என்ன செய்வது என்று பேசும் பணிக்கூட்டம் வேறு. அது தொடரட்டும். அத்துடன் ஓய்வு, வீட்டுக்குப் போக வாய்ப்பு, பேச விரும்புபவருக்குத் தனியாக ஒரு பயிற்சி பெற்ற சகா, நாலு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் ஒருமுறை விசாரிப்பது.

இன்னொன்று. முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்காகத் தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த பென்சோடயஸபைன்களைக் கொடுக்க வேண்டாம் என்பது 2013ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். முகாம்களில் இது இன்றும் தாராளமாக வழங்கப்படுவது கவலைக்குரியது.

"சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா?
- கிராம சுகாதாரச் செவிலியர், விழுப்புரம்

ஆகாது. நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை. பலருக்கு யாரோ ஒருவர் கேட்டதே பெரிய நிம்மதி. சுற்றி வளைத்து "அப்படியெல்லாம் ஏதும் தப்பா நினைக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலைத்தான் வாங்குவீர்கள். "இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்களுக்குச் சில நேரம் செத்துடலாம்னுகூடத் தோணும். உங்களுக்குத் தோணுதா அக்கா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் மேலும் மூன்று: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா. திட்டமும் பொருளும் இருந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. அவரிடம் சொல்லிவிட்டே குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரை அழைத்து, அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் பகுதியில் மிக முக்கியமானது பூச்சிமருந்து. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் பாட்டில் கையில் இல்லாவிட்டால் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம். இலங்கையில் 1990களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் தற்கொலை விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், ஊருக்குப் பொதுவாகப் பூட்டுப்பெட்டிக் கிடங்கு வைத்து விவசாயிகள் மருந்தை அங்கே பாதுகாக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டில் மருந்து இருந்தால் அன்றே வெளியேற்றச் செய்வதை உங்கள் வேலையின் பகுதியாக்கிக்கொள்ளுங்கள்.

'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயத்தில் குடும்பங்கள் மறைக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. இதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளியில் ஒரு மாணவி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பாலியல் தொல்லை பற்றிப் பேசத் தொடங்கினால்?
- ஆலோசகர், திருச்சி

சத்தியம் செய்யாதீர்கள். "நீ சொல்றதை நான் நம்பிக் கேட்பேன். உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தா, அதுக்குத் தேவையான ஆளுக்கு மட்டும் சொல்வேன். யாருக்குன்னு உனக்கு முதல்ல சொல்லிடுவேன்" என்று சொல்லுங்கள். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். விசாரணை உங்கள் வேலை அல்ல. "அவர் இங்கே தொட்டாரா?" என்பது போலப் பதிலை உள்ளே வைத்த கேள்விகள் பிறகு வழக்கையே பலவீனமாக்கும். "அப்புறம் என்ன ஆச்சு?" போதும். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், தவறு அவளுடையது அல்ல என்று சொல்லுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். தராவிட்டால் 21ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. தலைமையாசிரியர் அனுமதிக்காகக் காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும் என்பதைக் குடும்பத்துக்குத் தெரிவியுங்கள். சமாதானம் பேச வரும் பெரியவர்களைக் குழந்தையிடம் நெருங்க விடாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரோடு வேலை செய்கிறேன். "இனி ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கோ" என்று மேலதிகாரிகள் சொல்கிறார்கள். எனக்கு வாய் வருவதில்லை.
- உளவளத்துணையாளர், கிளிநொச்சி

வராமல் இருப்பதே சரி. உடல் இல்லை, செய்தி இல்லை, சடங்கு இல்லை. இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ். இதில் முடித்துவைப்பை இலக்காக வைக்கக்கூடாது என்பதே அவருடைய அணுகுமுறை. பிள்ளை இறந்திருக்கலாம், உயிரோடும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகத் துணை நிற்பதே வேலை. "ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றால், பிள்ளையைத் தானே சாகக் கொடு என்று சொன்னது போல அந்த அம்மாவுக்குக் கேட்கும்.

பிள்ளையைப் பற்றிக் கதைக்க விடுங்கள். பிறந்தநாளைக் குடும்பம் எப்படி நடத்துகிறது என்று கேளுங்கள். நடைமுறைச் சிக்கல்களைப் பிரித்தெடுங்கள்: காணி உறுதி, வங்கிக் கணக்கு, மற்றப் பிள்ளைகளின் படிப்பு. இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணாமற்போனதை உறுதிசெய்யும் சான்றிதழ் பெற இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி வைத்தது. எடுப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. அரசியல் காரணத்துக்காக மறுப்பவர்களை நோயாளியாகப் பார்க்காதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் போன்ற கூடல்களில், அம்மாமார் ஒருவருக்கொருவர் தருகிற துணையை எந்த ஆலோசனை அறையும் ஈடுசெய்யாது. யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியது போல இங்கே காயம் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே பட்டது. தனி ஆளை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பது பாதி வேலைதான். தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் இல்லை, சாக நினைக்கிறார் என்றால் தாமதிக்காமல் மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவு, தொலைபேசியில் 1926.

வன்முறைக்குள்ளான பெண்களின் வாக்குமூலங்களைத் தினமும் கேட்கிறேன். இப்போது அவர்கள் சொன்ன காட்சிகள் எனக்குக் கனவில் வருகின்றன. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா?
- ஆலோசகர், ஒருங்கிணைந்த சேவை மையம்

தகுதியில்லாததால் வருவது அல்ல, சகோதரி. தொடர்ந்து கேட்பதால் வருவது. இரண்டாம் நிலை அதிர்ச்சி என்பார்கள். வேலைப்பளுவால் வரும் சோர்வு விடுப்பில் தணியும். இது விடுப்பிலும் கூடவே வரும்: காட்சிகள், திடுக்கிடல், வீட்டில் பெண் குழந்தையை வெளியே அனுப்பப் பயம், யாரையும் நம்பாமை.

யோகா வகுப்பை மட்டும் கொடுத்துவிட்டு நிறுவனம் ஒதுங்கினால் போதாது. கேளுங்கள்: இரண்டு கடுமையான வழக்குகள் அடுத்தடுத்து வராதபடி நேர ஒதுக்கீடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, உங்கள் பணி மதிப்பீட்டை எழுதாத ஒரு மூத்த ஆலோசகரிடம் ஒரு மணி நேரச் சூப்பர்விஷன், ஒரு நாள் வழக்கு ஏதுமின்றி எழுத்து வேலைக்கு மட்டும். வழக்குக்குத் தேவையில்லாத புகைப்படம், வீடியோவைப் பார்க்காதீர்கள். தேவையென்றால் ஒலியை நிறுத்தி, சிறிய திரையில், பகலில். சக ஊழியரிடம் மனம் விட்டுப் பேசும்போது கோரமான விவரத்தை விட்டுவிட்டு, அது உங்களுக்குள் என்ன செய்தது என்பதை மட்டும் பேசுங்கள்.

கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், வேலை அல்லது குடும்பம் பாதிக்கப்பட்டால், சிகிச்சைக்குப் போங்கள். அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் சிகிச்சை இரண்டுக்கும் நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. சிகிச்சையாளரிடம் இவற்றில் எதில் முறையான பயிற்சி பெற்றிருக்கிறார், யாருடைய மேற்பார்வையில் செய்கிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.